இத்தாலியின் காலி மலைச்சாலைகளுக்கு நாமும் போகலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் விடுமுறை நெருங்குகிறது, பயண விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. இத்தாலி என்றால் ரோம், பைசா கோபுரம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று எல்லாருக்கும் ஒரே தடம்தான். அந்த ஊர்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் ரோமிலிருந்து ரயிலேறிக் கிழக்கே போனால், வாரநாளில் காலை முழுக்க ஓட்டினாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய கார்களே எதிர்ப்படும் மலைச்சாலைகள் இருக்கின்றன. சைக்கிளில் மெதுவாகப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். நம்மவர்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எவ்வளவோ பெருகிவிட்டார்கள். அப்படியிருந்தும் இந்த மாதிரிப் பயணத்தைப் பற்றித் தமிழில் ஒரு பத்திகூட நான் படித்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

நான் சிங்கப்பூர் ஈசூனில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாதி. என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகு பூங்கா இணைப்புப் பாதைகளிலும், தஞ்சோங் பகார் ரயில் ஓடிய பழைய தடத்திலும் ஓட்டிப் பழகினோம். மேட்டில் எங்கள் வேகம் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும். மலைச்சாலைக்கு அது போதும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே தெரிந்தவர்கள் எல்லாரும் "அதெல்லாம் இளவட்டங்களுக்கு" என்கிறார்கள்.

நாங்கள் விரும்பிப் போகிற பகுதி அப்ருஸ்ஸோ. இத்தாலிக்கு முதுகெலும்பாக ஓடும் அப்பனைன் மலைத்தொடரின் மிக உயர்ந்த பகுதி அங்கேதான் இருக்கிறது. கிரான் சாஸ்ஸோ மலையின் உச்சி 2,912 மீட்டர். நம் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். ஆனால் யாரும் உச்சிக்கு ஓட்டிக்கொண்டு போவதில்லை. பள்ளத்தாக்குகளை ஒட்டி, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு, அங்கிருந்து ஒரு கணவாய்க்கு என்று சாலை வளைந்து வளைந்து ஏறும். அந்தக் காலத்தில் கழுதைக்கும் மாட்டுவண்டிக்கும் தோதாகப் போட்ட வழிகள் பல, அதனால் ஏற்றம் நீளமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் மூச்சு முட்டும் அளவுக்குச் செங்குத்தாக இருக்காது.

சாலைகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. முதலாவது, வண்டிகள் வேறு வழிக்கு மாறிவிட்டன. லாக்விலா நகரத்திலிருந்து தெராமோவுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு காலத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரமுள்ள கப்பனெல்லே கணவாயை ஏறி இறங்க வேண்டும். 1984ல் கிரான் சாஸ்ஸோவைக் குடைந்து 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கச்சாலையைத் திறந்தார்கள். லாரியும் காரும் இந்தப் பக்கம் மலைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுகின்றன. (அந்தச் சுரங்கத்திலிருந்து கிளை பிரித்து, 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடமும் கட்டியிருக்கிறார்கள்.) விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஆனால் அதனால் கைவிடப்பட்ட பழைய நெடுஞ்சாலை முழுவதும் நமக்கு. அகலமான தார்ச்சாலை, கைப்பிடிச் சுவர், கிலோமீட்டர் கல் எல்லாம் அப்படியே இருக்கும், வண்டிதான் இருக்காது. இத்தாலி முழுவதும் மலைப்பகுதிகளில் இந்தக் கதைதான். வரைபடத்தில் விரைவுச்சாலையையும் அதற்குப் பக்கத்திலேயே ஓடும் பழைய சாலையையும் தேடிக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது காரணம், மனிதர்களே போய்விட்டார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது. அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, பெல்ஜியம் என்று வேலை தேடி இந்த மலையூர்களைவிட்டுப் போனவர்கள் ஏராளம். போருக்குப் பிறகு 1946ல் இத்தாலியும் பெல்ஜியமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. இத்தாலி ஆள் அனுப்ப வேண்டும், பெல்ஜியம் நிலக்கரி தர வேண்டும். பத்தாண்டு கழித்து, 1956 ஆகஸ்ட் 8ல், பெல்ஜியத்தின் மார்சினெல் என்ற இடத்தில் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். அப்ருஸ்ஸோவின் மனோப்பெல்லோ என்ற ஒரே ஊரிலிருந்து மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். என் அப்பா புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்தவர். ஊரிலிருந்து கடிதம் வராத வாரத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே, கதவில் பூட்டுத் தொங்கும் வீடுகள் வரிசையாக நிற்கிற ஒரு மலையூருக்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு நுழையும்போது, "ஆகா, என்ன அமைதி" என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அங்கே எஞ்சியிருக்கும் ஒரே மளிகைக்கடையில் ரொட்டி வாங்குவதும், ஒரே விடுதியில் தங்குவதும், ஒரே காப்பிக்கடையில் உட்காருவதும் அவர்களுக்கு உதவுகிறது. நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊரில் ஒரு கடை மூடினால், அடுத்து மூத்தவர்கள் ரொட்டிக்குக்கூட மலையிறங்க வேண்டும். பேருந்துச் சுற்றுலா அந்த ஊர்களில் நிற்பதில்லை. சைக்கிளில் வருகிறவர்களுக்குப் பசிக்கும், தாகமெடுக்கும், கால் வலிக்கும், அவர்கள் நின்றுதான் ஆக வேண்டும்.

ஓட்டிய சாலைகளில் எதை முதலில் சொல்வது என்று கேட்டால், சுல்மோனாவிலிருந்து ஸ்கான்னோ போகிற வழியைத்தான் சொல்வேன். சுல்மோனா, ரோமானியக் கவிஞர் ஓவிட் பிறந்த ஊர். வாதுமைப் பருப்புக்குச் சர்க்கரைப் பூச்சுப் பூசி, அதைக் கம்பியில் கட்டிப் பூங்கொத்து மாதிரி கடைவாசலில் தொங்கவிட்டிருப்பார்கள். ஊர் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்கான்னோ 1,050 மீட்டர். இடையில் முப்பது கிலோமீட்டர். அன்வெர்சா என்ற ஊரைத் தாண்டியதும் சாலை சஜித்தாரியோ ஆற்றின் மலையிடுக்குக்குள் போய்விடும். ஒரு பக்கம் பாறை தலைக்குமேல் கவிந்து நிற்கும், மறுபக்கம் கீழே ஆறு. சில இடத்தில் பாறையைக் குடைந்து சாலையை உள்ளே விட்டிருக்கிறார்கள். அங்கே நாங்கள் கேட்டதெல்லாம் தண்ணீர்ச் சத்தமும் எங்கள் சங்கிலிச் சத்தமும்தான். இடையிடையே ஒரு கார் வந்தால் அது இரண்டு வளைவுக்கு முன்பே காதில் விழுந்துவிடும், ஒதுங்க நேரம் தாராளமாக இருக்கும். மேலே ஏறினால் மலைச்சரிவு எப்போதோ ஆற்றை அடைத்ததால் உண்டான ஸ்கான்னோ ஏரி. ஏரிக்கரையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு.

மறுநாள் ஸ்கான்னோவிலிருந்து கோதி கணவாய். அது 1,500 மீட்டருக்கும் மேலே. கிளம்பும் முன் காப்பிக்கடையில் ஒரு பெரியவர், எண்பது வயதாவது இருக்கும், எங்கள் சைக்கிளைச் சுற்றிவந்து பிரேக்கை அழுத்திப் பார்த்தார். அப்புறம் மேசையில் கிடந்த முந்தின நாள் செய்தித்தாளை எடுத்து, நான்காக மடித்து, என் வீட்டுக்காரரின் நெஞ்சில் வைத்துத் தட்டிக் காட்டினார். சட்டைக்குள் வைத்துக்கொள் என்கிறார். பழைய இத்தாலியப் பந்தய வீரர்கள் கணவாய் உச்சியில் இறக்கத்துக்கு முன் இப்படித்தான் செய்வார்களாம். ஒரு தாதியாக எனக்கு அதன் நியாயம் உடனே புரிந்தது. ஏற்றத்தில் பனியன் வேர்வையில் நனைந்துவிடும். உச்சியைத் தாண்டி மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் இறங்கும்போது அந்த ஈரத்தில் குளிர்காற்று அடித்தால் உடம்பு வெடவெடத்துப்போகும், விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது. காகிதம் காற்றைத் தடுக்கும், ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். கணவாயில் நாங்கள் இருவரும் அதைப் பங்கு பிரித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டோம். காற்றுத்தடுப்புச் சட்டை பையில் இருந்தது, அதை மேலே போட்டுக்கொண்டோம். அந்தப் பக்கம் இறங்கினால் தேசியப் பூங்காவுக்கு நடுவே வில்லெத்தா பர்ரேயா. அங்கே மான்கள் தெருவிலேயே, வீட்டு வாசல்களை ஒட்டி, சர்வசாதாரணமாக நடந்துபோகின்றன. 1920களிலிருந்து காக்கப்படுகிற காடு அது. அப்பனைன் மலைக்கே உரிய பழுப்புக் கரடியில் எஞ்சியிருப்பது சில பத்துக்கள்தான், அவையும் அங்கேதான். நாங்கள் கரடியைப் பார்க்கவில்லை.

நாயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கிரான் சாஸ்ஸோவின் தெற்கே காம்போ இம்பெரத்தோரே என்று 27 கிலோமீட்டர் நீளப் புல்வெளி ஒன்று இருக்கிறது. மரமே இல்லாத மேட்டுநிலம், கோடையில் முழுக்க ஆட்டுமந்தை. இந்த மந்தைகளைக் குளிர்காலத்துக்குத் தெற்கே பூலியா சமவெளிக்கு ஓட்டிக்கொண்டு போன பாதை ஒன்று லாக்விலாவிலிருந்து ஃபோஜ்ஜா வரை 244 கிலோமீட்டர் நீளம், 111 மீட்டர் அகலம். ஆடுகளுக்கென்றே அரசு ஒதுக்கிய சாலை! மந்தையோடு இடம்பெயரும் இந்த வழக்கத்தை 2019ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மந்தைக்குக் காவல் பெரிய வெள்ளை நாய்கள். ஓநாய் கழுத்தைக் கவ்வாமல் இருக்கச் சிலவற்றுக்கு முள்வைத்த இரும்புப் பட்டை மாட்டியிருப்பார்கள். அவை நம்மைக் கடிக்க வருவதில்லை, ஆட்டுக்கு நம்மால் ஆபத்தா என்று பார்க்கத்தான் வருகின்றன. ஆனால் குரைத்துக்கொண்டே ஓடிவரும்போது வயிறு கலங்கும். வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்கக் கூடாது, துரத்தும். சைக்கிளைவிட்டு இறங்கி, நமக்கும் நாய்க்கும் நடுவே சைக்கிள் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, அதன் கண்ணை முறைக்காமல், மந்தையைவிட்டு விலகி மெதுவாக நடக்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் அப்படி நடந்தோம், இரண்டு நாய்கள் நூறு மீட்டர் வரை கூடவே வந்தன. மந்தைக்கும் எங்களுக்கும் போதிய தூரம் வந்ததும் நின்றுவிட்டன. ஆட்டிடையர் தூரத்திலிருந்து கையை உயர்த்தினார், நாங்களும் உயர்த்தினோம்.

சரி, சாப்பாடு. சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். புல்வெளிக்குக் கீழே சாந்தோ ஸ்தேபனோ தி செஸ்ஸானியோ என்ற, கல்வீடுகள் நிறைந்த ஊரில் 1,000 மீட்டருக்கு மேல் விளையும் ஒரு பருப்பு இருக்கிறது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, கரும்பழுப்பு நிறம், ஊறப்போடாமலே வெந்துவிடும். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றி, வறுத்த ரொட்டியோடு தருவார்கள். மலையேறிப் பசித்த வயிற்றுக்கு நம் வீட்டுப் பருப்புக் குழம்பு கிடைத்த மாதிரி இருந்தது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அரொஸ்திச்சினி. செம்மறியாட்டு இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக்கிக் குச்சியில் கோத்துக் கரியில் சுடுவது. சாத்தே ருசி பழகிய சிங்கப்பூர் நாக்குக்கு அதை அறிமுகப்படுத்தவே தேவையில்லை, கச்சான் குழம்புதான் இருக்காது. ஒன்றை மறக்கக் கூடாது: மதியம் ஒரு மணிக்கு மேல் நான்கு மணி வரை மலையூர்க் கடைகள் மூடியிருக்கும். காலையிலேயே ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஊர்தோறும் குழாயில் கொட்டிக்கொண்டே இருக்கும். "நோன் பொத்தாபிலே" என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

உடம்பைப் பற்றி, தொழில் முறையில் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். முதலில் மருத்துவரைப் பாருங்கள், குறிப்பாக இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்கள். முழங்காலுக்குக் கெடுதல் மலை அல்ல, கனமான கியரில் உன்னி மிதிப்பதுதான். இருப்பதிலேயே லேசான கியரைப் போட்டு, கால் சுலபமாகச் சுற்றும்படி மிதித்தால் பெரும்பாலான முழங்கால்கள் தாங்கும். அதற்கு ஏற்ற பல்சக்கரம் உள்ள சைக்கிள் வேண்டும், இங்கே சமதரையில் ஓட்டும் சைக்கிளை அப்படியே கொண்டுபோனால் சிரமம். மின்சைக்கிள் எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. ஐரோப்பிய விதிப்படி 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை உதவி தரும் வண்டிக்கு உரிமம் வேண்டாம். அதன் மின்கலத்தை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கேயே வாடகைக்கு எடுக்க வேண்டும்.

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு அங்கே வலப்பக்கம் என்பதுதான் உண்மையான ஆபத்து, அதுவும் காலிச் சாலையில். எதிரே வண்டியே இல்லாதபோது மூளை பழைய பழக்கத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் "வலது" என்று நாங்கள் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறோம். சுரங்கத்துக்குள்ளும், ஊருக்கு வெளியே இருட்டிலும், ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி அணிவது சட்டப்படி கட்டாயம். முன்விளக்கு, பின்விளக்கு, மணி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கணவாய்களில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாக வரும், அன்றைக்குச் சிறு சாலைக்குப் போங்கள் அல்லது ஓய்வெடுங்கள். ஆகஸ்ட் வேண்டாம், வெயிலும் அவர்கள் விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். ஜூனும் செப்டம்பரும் நல்ல மாதங்கள்.

கணவாயே வேண்டாம் என்கிறவர்களுக்கு உம்ப்ரியாவில் ஸ்போலேத்தோவிலிருந்து நோர்ச்சாவுக்கு ஓடிய பழைய மலை ரயில் தடம் இருக்கிறது. 1926ல் திறந்து 1968ல் மூடிய 51 கிலோமீட்டர் பாதை. சுரங்கங்களும் உயரமான கல்பாலங்களுமாகப் போகும், ஒரு சுரங்கம் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீளம், உள்ளே கும்மிருட்டு. ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றம் நிதானமானது. 2016 நிலநடுக்கம் அந்தப் பகுதியைக் கடுமையாகத் தாக்கியது, அதனால் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். 2011 ஜூன் 30ல் நம் தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டதைப் பார்த்து, பிறகு அந்தத் தடத்திலேயே சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அந்தப் பாதை தனியாகப் பிடிக்கும்.

போக்குவரத்துச் சுலபம்தான். சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை, இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்குத் தேவை. ரோமிலிருந்து சுல்மோனாவுக்கு வட்டார ரயில் போகிறது. சைக்கிளுக்கென்று தனியாகச் சீட்டு எடுத்தால் ஏற்றிக்கொள்வார்கள், மடக்குச் சைக்கிளுக்கு அதுவும் வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இரண்டு. உங்கள் பயணப் பக்கத்தில் இந்த மாதிரிச் சின்னச் சாலைகளுக்கும் இடம் கொடுங்கள். பெரிய கட்டுரை வேண்டாம், ஒரு வரைபடம், எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம் என்று அரைப்பக்கம் போதும். ஆங்கிலத்தில் படித்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்லலாம். என் வயதில் உள்ள பலருக்கு, நம்மைப் போன்ற ஒருவர் போய்வந்து நம் மொழியில் எழுதினால்தான் "நாமும் போகலாம்" என்ற துணிவு வருகிறது. அடுத்தது, நம் சமூக மன்றங்களில் சைக்கிள் ஓட்டும் தமிழ் மூத்தோர் குழுக்களை ஒருவரோடொருவர் அறிமுகப்படுத்த உங்கள் பத்திரிகையால் முடியும். மோலிசேவிலோ பசிலிக்காத்தாவிலோ ஓட்டிய வாசகர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், அந்தப் பக்கம் இன்னும் நாங்கள் போகவில்லை, சாலை எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை.

செப்டம்பரில் போக நினைப்பவர்கள் இப்போதே ஃபேபர் மலையிலும் தெற்கு புவன விஸ்தா சாலை மேட்டிலும் வாரம் இரண்டு நாள் ஏறிப் பழகினால் காலம் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஈசூன்